பாத்தி கட்டிப் பயிலும் பாடம்

சில ஆண்டுகளுக்கு முன்னர், சிற்றூர்ப் பங்கு ஒன்றின் தொடக்கப் பள்ளியைக் காணச் சென்றிருந்தோம். பள்ளிக் கட்டடத்தின் பின்புறம், கிணற்றடியை ஒட்டி, நான்கு பாத்திகள் கட்டிக் கீரையும் வெண்டையும் அவரையும் விதைத்திருந்தார்கள். நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் தான் ஊன்றிய அவரை விதையை நாள்தோறும் காலையில் தோண்டி எடுத்துப் பார்ப்பதும், பின்னர் மீண்டும் புதைப்பதுமாக இருந்தானாம். ஐந்தாம் நாள் முளை முறிந்துவிட்டது. அழுதுகொண்டு நின்ற அவனைத் தலைமையாசிரியையான அருட்சகோதரி அழைத்து, "ஏன் தோண்டினாய்?" என்று கேட்டார். "வேர் விட்டதா என்று பார்த்தேன், சிஸ்டர்" என்றான் அவன். அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னொரு விதையை அவன் கையில் வைத்து, "நீ தண்ணீர் ஊற்று, களை எடு. நீ தூங்கும்போதும் இது வளரும். அது ஆண்டவருடைய வேலை" என்றாராம்.

இரண்டாம் விதை முளைத்தது, பந்தல் ஏறியது, பூத்தது. முதல் காய்களைச் சிறுவன் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சத்துணவுக் கூடத்திற்கு ஓடினான். நிலத்தில் விதைத்தவன் உறங்கினும் விழிப்பினும், அவனறியாமலே விதை முளைத்து வளர்வதைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையை, மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். அச்சிறுவனோ அதனைத் தன் விரல் நகங்களுக்கிடையே புகுந்த மண்ணோடு சேர்த்துக் கற்றுக்கொண்டான். இனி அவன் அதனை மறப்பானா?

பள்ளித் தோட்டம் பற்றி இக்கட்டுரையில் நாம் எழுத முற்பட்டதற்கு அந்தச் சிறுவனே காரணம்.

பழைய உறவு

தோட்டத்திற்கும் கல்விக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. மனிதனைப் படைத்த இறைவன் அவனை முதலில் வைத்த இடம் ஒரு தோட்டமே என்றும், அதனைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே வைத்தார் என்றும் திருமறையின் முதல் நூல் கூறுகிறது. பண்படுத்தல், பாதுகாத்தல் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே மனிதனின் முதல் தொழில்.

மொராவியா நாட்டுக் கல்வியாளர் கொமேனியுஸ் (1592–1670), ஒவ்வொரு பள்ளியை அடுத்தும் ஒரு தோட்டம் இருத்தல் வேண்டும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுதினார். ஜெர்மனி நாட்டின் பிரடெரிக் புரோபெல், 1837இல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கான கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குக் 'கிண்டர்கார்ட்டன்' என்று பெயரிட்டார். 'குழந்தைகளின் தோட்டம்' என்பதே அதன் பொருள். இப்பெயரில் உள்ள தோட்டம் வெறும் உவமையன்று. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே ஒரு சிறு பாத்தி இருந்தது. எல்லாருக்கும் பொதுவான பாத்திகளும் இருந்தன. தன் பாத்தியில் தனக்கு விருப்பமானதைப் பயிரிடும் உரிமை குழந்தைக்கு உண்டு. பொதுப் பாத்தியில் பிறரோடு சேர்ந்து உழைக்கும் கடமையும் உண்டு. இன்று நம் ஊர்த் தெருக்கள்தோறும் 'கிண்டர்கார்ட்டன்' பெயர்ப்பலகைகளைக் காண்கிறோம். அவற்றுள் எத்தனையில் ஒரு முழம் மண்ணேனும் குழந்தைகளுக்கென விடப்பட்டுள்ளது என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

ஆஸ்திரியா நாட்டில் 1869ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் நாட்டுப்புறப் பள்ளிகளுக்குத் தோட்டம் வேண்டும் என்று விதித்தது. நம் நாட்டிலும் 1937இல் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில், கைத்தொழிலை நடுநாயகமாக வைத்துக் கல்வி புகட்டும் திட்டத்தைக் காந்தியடிகள் முன்வைத்தார். வேளாண்மையும் தோட்ட வேலையும் அத்திட்டத்தில் பாடங்களாகவே இடம் பெற்றன.

மொந்தெசோரி அம்மையாரின் தோட்டம்

கத்தோலிக்கக் குடும்பங்களாகிய நாம் இப்பொருளில் சிறப்பாக நினைவுகூர வேண்டியவர் மரியா மொந்தெசோரி அம்மையார் (1870–1952). இத்தாலி நாட்டில் பிறந்து மருத்துவரான இவர், 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, உரோமை நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லொரன்சோ பகுதியில் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் திறந்தார்.

அவருடைய பணிக்கும் நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பு பலரும் அறியாதது. 1908 டிசம்பர் 28ஆம் நாள் மெசினா நகரை அழித்த நிலநடுக்கத்தில் பெற்றோரை இழந்த குழந்தைகள் சிலரை, உரோமையில் உள்ள தங்கள் மடத்தில் ஏற்று வளர்த்தனர் மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள். அம்மடத்திலேயே அக்குழந்தைகளுக்கென மொந்தெசோரி முறைப் பள்ளி நடந்தது. அந்தச் சகோதரிகளின் சபை தோன்றிய இடம் நம் நீலகிரி மலையின் உதகமண்டலம்! மதுரை மறைபரப்புத் தளத்தில் பணியாற்ற வந்து உதகையில் வாழ்ந்த அன்னை மேரி ஆப் த பேஷன் தொடங்கிய அச்சபைக்கு, 1877ஆம் ஆண்டு அதே மூன்று அரசர்கள் திருநாளன்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அனுமதி அளித்தார். அன்னையவர்கள் 2002இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

குழந்தைகள் இல்லத்து அனுபவங்களை 1909இல் நூலாக வெளியிட்ட மொந்தெசோரி அம்மையார், குழந்தைகள் செடிகளையும் பிராணிகளையும் வளர்ப்பதற்கென அதில் ஒரு தனி அதிகாரமே ஒதுக்கினார். தோட்ட வேலையால் குழந்தை பெறும் பயன்களை அவர் அங்கே வரிசைப்படுத்துகிறார். அவற்றின் சாரத்தை நம் சொற்களில் தருகின்றோம்.

முதலாவது, உற்றுநோக்கும் பழக்கம். உயிர் எவ்வாறு தோன்றி வளர்கின்றது என்பதைக் குழந்தை தன் கண்ணால் காண்கின்றது. இரண்டாவது, முன்னெச்சரிக்கை. தான் நீர் ஊற்றாவிடில் செடி வாடும் என்பதைப் பிறர் சொல்லாமலே உணர்கின்றது; தன்னை நம்பி ஓர் உயிர் இருப்பதை அறிகின்றது. மூன்றாவது, பொறுமை. விதைத்தது முளைக்கும் வரை காத்திருக்கும் பொறுமை, நம்பிக்கையோடு கூடியது; விசுவாசத்தின் ஒரு வித்து அது. நான்காவது, இயற்கையின் மீது அன்பு. கொடுத்த சிறு உழைப்புக்குப் படைப்பு எவ்வளவு தாராளமாகத் திருப்பித் தருகின்றது என்று கண்டு குழந்தை வியக்கின்றது. ஐந்தாவது, மனித இனம் வேட்டையை விட்டு வேளாண்மைக்கு வந்து பண்பட்ட வழியைக் குழந்தையும் தன் சிறிய அளவில் நடந்து பார்க்கின்றது.

இவ்வைந்தையும் படிக்கும்போது, அவரை விதையைத் தோண்டிப் பார்த்த நம் சிறுவனின் முகமே நமக்கு நினைவுக்கு வருகின்றது. ஒரே பருவத்தில் அவன் இவற்றுள் பெரும்பாலானவற்றைக் கற்றுவிட்டான்.

வயலிலிருந்து பீடத்திற்கு

அம்மையாரின் வாழ்வில் இன்னுமொரு நிகழ்ச்சி நம் பங்குகளுக்கு நேரிய படிப்பினையாகும். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா நகரில் நடந்த அவருடைய பள்ளியில், குழந்தைகள் திருப்பலியைப் புரிந்துகொள்ளும் பொருட்டு ஒரு புதிய வழி கையாளப்பட்டது. பள்ளிக்குரிய நிலத்தில் ஒரு பகுதியில் கோதுமையும், மற்றொரு பகுதியில் திராட்சையும் பயிரிடப்பட்டன. அவற்றைப் பேணி வளர்த்தவர்கள் குழந்தைகளே. விதைப்பும் அறுவடையும் சிறு விழாக்களாக நடந்தன. அந்தக் கோதுமையும் திராட்சையும் திருப்பலிக்குரிய அப்பமும் இரசமும் ஆவதற்கென்றே வளர்க்கப்பட்டன.

நிலம் தந்ததும் மனித உழைப்பு தந்ததுமாகிய அப்பத்தைக் குரு பீடத்தில் உயர்த்திப் பிடிக்கும்போது, நம் பிள்ளைகள் பலர் அதனை ஏதோ கடையில் வாங்கி வந்த பொருளைப் போல் நோக்குகின்றனர். தன் கையால் விதைத்து, அறுத்து, மாவாக்கக் கண்ட குழந்தையோ காணிக்கைப் பவனியின் பொருளை ஒரு விளக்கமுமின்றி உணரும். மறைக்கல்வி வகுப்பில் ஓராண்டு சொல்லியும் பதியாதது, ஒரு கைப்பிடிக் கோதுமையால் பதிந்துவிடும்.

நம் நாட்டில் கோதுமையும் திராட்சையும் எல்லா இடத்திலும் விளைவதில்லை. ஆனால் முருங்கைக்கீரைக் கட்டையும், ஒரு சீப்பு வாழைப்பழத்தையும், முதல் வெண்டைக்காய்களையும் காணிக்கைப் பவனியில் குழந்தைகள் ஏந்தி வருவதற்கு என்ன தடை?

கொடைக்கானலில் கண்டது

1939ஆம் ஆண்டின் இறுதியில், பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்தார் மொந்தெசோரி அம்மையார். அப்போது அவருக்கு வயது 69. சில மாதங்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவிட்டுத் திரும்புவதே அவர் எண்ணம். ஆனால் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பகை நாட்டினர் என்னும் கட்டுப்பாட்டுக்கு அவர் உள்ளாக, வந்த விருந்தாளி ஆண்டுக்கணக்கில் இங்கேயே தங்கும்படி ஆயிற்று. 1942 முதல் 1944 வரை அவர் கொடைக்கானலில் வாழ்ந்தார். 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

கட்டாயத்தின் பேரில் நேர்ந்த இந்தத் தங்கல் கல்வி உலகுக்கு ஒரு கொடையாயிற்று. மலையின் செடி கொடிகளும், பூச்சி புழுக்களும், ஓடை நீரும் அங்கிருந்த சிறுவர்களுக்குப் பாடநூல்களாயின. பல வயதுச் சிறுவர்கள் ஒன்றாகச் சேர்ந்து இலைகளைத் திரட்டி வகைப்படுத்தினர். சிற்றுயிர்களின் வாழ்வைக் கவனித்தனர். மண்ணும் நீரும் மரமும் விலங்கும் மனிதனும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ஒரே பேரமைப்பு என்றும், அதில் ஒவ்வொன்றுக்கும் படைத்தவர் ஒப்படைத்த ஒரு பணி உண்டு என்றும் குழந்தைக்கு உணர்த்தும் கல்வியை அவரும் அவர் மகன் மரியோவும் அங்கே உருவாக்கினர். 'பிரபஞ்சக் கல்வி' என்று அது அழைக்கப்படுகின்றது. சுற்றுச்சூழல் என்னும் சொல் நம் பாடநூல்களில் புகுவதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பே, நம் பழனி மலைச் சரிவில் அந்தப் பாடம் நடந்துவிட்டது.

படிப்பு கெடுமா?

"தோட்ட வேலை நல்லதுதான், ஆனால் படிப்பு என்னாவது?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. இக்கேள்வியை நாம் புறக்கணித்தலாகாது. பல குடும்பங்கள் வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன.

இதற்கு விடை தேடியவர்கள் உண்டு. 1990 முதல் 2010 வரை பள்ளித் தோட்டக் கல்வி பற்றி வெளிவந்த 48 ஆய்வுகளை இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தொகுத்து ஆராய்ந்து, 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். தோட்டத்தில் பயின்ற மாணவர்களின் பாடத் தேர்ச்சியில் பெரும்பாலும் நன்மையே விளைந்தது என்றும், அந்நன்மை அறிவியலில் மிகுதியாகவும், அடுத்துக் கணக்கிலும் மொழியிலும் காணப்பட்டது என்றும் அவர்கள் கண்டனர். ஆனால் தோட்டம் பாடத்தோடு இணைக்கப்பட வேண்டும். பாடம் ஒரு பக்கமும் தோட்டம் ஒரு பக்கமுமாக இருந்தால் பயன் குறைவே.

எவ்வாறு இணைப்பது? ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மூன்று மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாத்தி. வெண்டைக்கு வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டரும், செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் இடைவெளி வேண்டும். எத்தனை செடிகள் வைக்கலாம்? அகலத்தில் நான்கு வரிசை. வரிசைக்குப் பத்துச் செடி. ஆக 40 செடிகள். கரும்பலகையில் தூக்கம் வரவழைக்கும் இந்தக் கணக்கு, கையில் கயிறும் அளவுகோலும் கொடுத்துப் பாத்தியருகே நிறுத்தினால் விளையாட்டாகிவிடுகின்றது. முளைத்தவை எத்தனை, பட்டுப்போனவை எத்தனை என்று எழுதினால் விழுக்காடு வந்துவிடும். வாரந்தோறும் செடியின் உயரத்தை அளந்து குறித்தால் வரைபடம் வந்துவிடும். தோட்டக் குறிப்பேடு எழுதும் மாணவனுக்குக் கட்டுரை எழுத வரவில்லை என்ற கவலை நாளடைவில் நீங்கிவிடும்.

சிறு தோட்டத்தில் எண்ணிப் பார்ப்பது எவ்வளவு பெரிய உண்மைக்கு வழிகாட்டும் என்பதற்கு நம் திருச்சபையிலேயே சான்று உண்டு. அகுஸ்தீன் சபைத் துறவி கிரகோர் மெண்டல், புருனோ நகர மடத்தில், சுமார் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமுமே உள்ள தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். ஒரு சோதனையில் உருண்டை விதைகள் 5,474, சுருங்கிய விதைகள் 1,850 கிடைத்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மரபியல் என்னும் அறிவியல் துறைக்கு அடிப்படை இட்டவை இத்தகைய எண்ணிக்கைகளே. ஆசிரியர் தகுதித் தேர்வில் இருமுறை தேறாதவர் அவர் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்.

மண்வெட்டி யார் கையில்?

இனி நாம் சொல்லப் போவது கசப்பானது. எனினும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு பள்ளியில் நாம் கண்ட காட்சி இது. தோட்டம் அழகாகவே இருந்தது. ஆனால் தண்ணீர்க் குடம் சுமந்தவர்களும் சாணம் அள்ளியவர்களும் ஊருக்கு வெளியே உள்ள குடியிருப்பிலிருந்து வந்த பிள்ளைகளே. மற்றப் பிள்ளைகள் குறிப்பேட்டுடன் வரப்பில் நின்றனர். "அவர்களுக்கு இந்த வேலை பழக்கம்" என்றார் அங்கிருந்த ஒருவர், மிக இயல்பாக. வீட்டுப்பாடம் எழுதாதவனுக்குத் தண்டனையாகக் களை பிடுங்கும் வேலை கொடுப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது.

இத்தகைய தோட்டம் இல்லாமலிருப்பதே நலம். ஏனெனில் அங்கே பயிராவது கீரையன்று, பாகுபாடு. உழைப்பு இழிவானது என்றும், அது சிலருக்கே உரியது என்றும், தவறு செய்தவனே மண்ணைத் தொட வேண்டும் என்றும் அத்தோட்டம் நாள்தோறும் போதிக்கின்றது. நற்கருணைப் பந்தியில் ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் பிள்ளைகள், பாத்தியருகே இரு வகையாகப் பிரிந்து நிற்கலாமா? நாசரேத்தில் தச்சுத் தொழில் செய்த ஆண்டவர் முன்னிலையில் நாம் இதற்கு என்ன விடை சொல்வோம்?

ஆகவே பள்ளித் தோட்டத்திற்கு முதல் விதி இதுவாக இருத்தல் வேண்டும்: எல்லா வேலையும் எல்லாருக்கும், முறை வைத்து. இன்று சாணம் கரைப்பவன் நாளை குறிப்பெழுதுவான். இன்று குறிப்பெழுதுபவள் நாளை சாணம் கரைப்பாள். ஆசிரியரும் கையில் மண்வெட்டியுடன் நிற்க வேண்டும். பங்குத்தந்தை ஒரு நாள் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பாத்தி வெட்டினால், அதனை விடச் சிறந்த மறையுரை வேறில்லை. தோட்ட வேலை ஒருபோதும் தண்டனையாகக் கொடுக்கப்படலாகாது.

நாம் முதலில் கூறிய பள்ளியிலும் எதிர்ப்பு எழாமலில்லை. "மண் வெட்டவா என் பிள்ளையை அனுப்பினேன்? அந்தக் கஷ்டம் என்னோடு போகட்டும்" என்று ஒரு தாய் வந்து கேட்டாராம். நாள் முழுதும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்பவர் அவர். அவர் சொல்லில் இருந்த வேதனை நியாயமானது. அவருக்கு அருட்சகோதரி வாயால் விடை சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரையே அழைத்து, நாற்று நடும் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும்படி வேண்டினார். அந்தத் தாய் ஒரு மணி நேரம் ஆசிரியராக நின்றார். மருத்துவர் மகனும் கடைக்காரர் மகளும் அவர் சொன்னபடி நட்டார்கள். அதன்பின் அவர் அக்கேள்வியைக் கேட்கவில்லை.

படைப்பின் மீது பரிவு

1979ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், அசிசி நகரப் புனித பிரான்சிசைச் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். 2015 மே 24ஆம் நாள் கையெழுத்திட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், திருத்தந்தை பிரான்சிஸ் அந்தப் புனிதரைப் பற்றிய ஓர் இனிய செய்தியை நினைவூட்டினார். மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியைப் பண்படுத்தாமல் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று பிரான்சிஸ் தம் சகோதரர்களிடம் கேட்டுக்கொண்டாராம். காட்டுப் பூக்களும் மூலிகைகளும் அங்கே தாமாக வளரட்டும். காண்போர் அவற்றைப் படைத்தவரை நோக்கி மனத்தை உயர்த்தட்டும் என்பது அவர் எண்ணம்.

நம் பள்ளித் தோட்டங்களிலும் இத்தகைய ஒரு மூலை இருக்கட்டும். தும்பையும் குப்பைமேனியும் கீழாநெல்லியும் அங்கே வளரும். வண்ணத்துப் பூச்சி வரும், தேனீ வரும், ஓணான் வரும். பயனுள்ளதை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடும் மனப்பான்மைக்கு அந்த மூலை ஒரு மருந்து. தேனீ வராவிடில் பூசணி காய்க்காது என்பதை அறிந்த குழந்தை பூச்சி மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு தெளிக்காது. மண்புழுவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த குழந்தை மண்ணை வெறும் அழுக்கு என்று எண்ணாது.

சுற்றுச்சூழல் கல்வி எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் ஆணையிட்டது. பாடநூல்களும் வந்தன. ஆயினும் நீர் மாசுபடுதலைப் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு வெளியே வரும் மாணவன், நெகிழிப் பையைக் கால்வாயில் எறிவதையும் பார்க்கின்றோம். அறிவு தலையில் தங்கிவிட்டது, கைக்கு இறங்கவில்லை. தலைக்கும் கைக்கும் இடையே உள்ள அத்தூரத்தைக் குறைப்பதற்கு ஒரு சிறு பாத்தி போதும்.

எப்படித் தொடங்குவது?

பெரிய நிலம் வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தொடங்கும் ஆண்டில் மூன்று அல்லது நான்கு பாத்திகளே போதும். ஜூனில் பள்ளி திறந்ததும் நிலத்தைக் கொத்திக் கல் பொறுக்கி, மக்கிய சாணமும் இலைச் சருகும் இட்டு ஆறப் போடலாம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் நம் முன்னோர் வாக்குப்படி ஆடியில் விதைத்தால், கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு முன் பெரும்பாலான அறுவடை முடிந்துவிடும்.

சிறுவர்க்கு விரைவில் பலன் தெரிய வேண்டும். ஆதலின் முளைக்கீரையில் தொடங்குவது நன்று. ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறித்துவிடலாம். மணலோடு கலந்து தூவினால் அதன் நுண்ணிய விதைகள் ஒரே இடத்தில் குவியா. வெண்டை ஏறத்தாழ 45 நாளில் காய்க்கத் தொடங்கும். வேலியோரத்தில் முருங்கைப் போத்து இரண்டு நட்டுவிட்டால் ஆண்டாண்டுக்கும் கீரை கிடைக்கும். சத்துணவு உண்டபின் பிள்ளைகள் கை கழுவும் நீர் வீணே ஓடுகின்றது. ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அதனை வாழையின் அடிக்குத் திருப்பலாம். நகரத்துப் பள்ளிகளில் மண் இல்லையெனில், உடைந்த வாளிகளிலும் பழைய சாக்குகளிலும் மண் நிரப்பி மாடியில் வளர்க்கலாம்; அடியில் நீர் வடியத் துளை இருந்தால் சரி. மதிய உணவுக்குக் காய்கறி தரும் தோட்டங்களைப் பள்ளிகளில் அமைப்பதற்கென மத்திய அரசு 2019இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

பள்ளித் தோட்டத்தின் பெரிய பகை கோடை விடுமுறை. நாம் கண்ட அந்தப் பள்ளியிலும் முதல் ஆண்டு ஏப்ரல் இறுதியில் கதவைப் பூட்டிச் சென்றவர்கள், ஜூனில் வந்து பார்த்தபோது காய்ந்த குச்சிகளும், ஆடு மேய்ந்த அடையாளமுமே எஞ்சியிருந்தன. பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். மறு ஆண்டு அவர்கள் பாடம் கற்றிருந்தார்கள். கோடை வருமுன் விதைகளைச் சேகரித்துச் சாம்பலிட்டுக் காயவைத்து எடுத்து வைத்தார்கள். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி ஆகியவற்றின் அடியில் சருகு மூடாக்கு இட்டார்கள். பங்கின் அன்பியக் குடும்பங்கள் முறை வைத்து வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றின. அவ்வாண்டு ஜூனில் பிள்ளைகளை வரவேற்க மரங்கள் பசுமையாக நின்றன.

குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இங்கேதான், அன்பு வாசகர்களே, உங்கள் பங்கு வருகின்றது. பள்ளித் தோட்டம் ஆசிரியர்களால் மட்டும் நிலைக்காது. தாத்தா பாட்டிகளிடம் எந்தப் பட்டத்தில் எதை விதைப்பது என்னும் அறிவு இன்னும் இருக்கின்றது. ஒரு முறை அவர்களைப் பள்ளிக்கு அனுப்பி வையுங்கள். வீட்டில் கைப்பிடி நாட்டு விதை இருந்தால் பிள்ளை கையில் கொடுத்தனுப்புங்கள். பிள்ளை சட்டையில் மண்ணோடு வந்தால் அடிக்காதீர்கள். என்ன நட்டாய் என்று கேளுங்கள். அவன் கொண்டுவரும் நான்கு வெண்டைக்காயைத் தனியே சமைத்து, உண்ணுமுன் வீட்டார் எல்லாரும் சேர்ந்து நன்றி கூறுங்கள்.

உயிர்த்த ஆண்டவரை முதன்முதல் கண்ட மதலேன் மரியாள், அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார் என அருளப்பர் எழுதி வைத்தார். அவர் எண்ணியதில் ஓர் உண்மையும் இருந்தது. ஏதேனில் தோட்டத்தை நட்டவரும், கல்லறைத் தோட்டத்தில் உயிர்த்து நின்றவரும் ஒருவரே. அவருடைய நிலத்தில் நம் பிள்ளைகளும் சிறு கைகளால் ஒரு பாத்தி கட்டட்டும். வரும் ஜூனில் நம் பங்குப் பள்ளியில் அந்தப் பாத்தியை வெட்டத் தொடங்க, மண்வெட்டியோடு முதலில் வருபவர் நம்முள் ஒருவராக இருக்கட்டும்.